பென்சிலைப் பிடுங்காதே!

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு கம்ப்யூட்டரில் ஏதோ சொல்லித் தருகிறீர்கள். ''இங்கே க்ளிக் பண்ணுப்பா'' என்கிறீர்கள். அவன் வேறெங்கோ தேடுகிறான். இரண்டாவது செகண்டில் உங்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. ''தள்ளு'' என்று மவுஸைப் பிடுங்கி, டகடகவென்று நீங்களே போட்டு முடித்து, ''புரிஞ்சுதா?'' என்கிறீர்கள். ''புரிஞ்சுது சார்'' என்கிறான் அவனும். மறுநாள் அதே இடத்தில், அதே முழி.

சத்தியமாகச் சொல்லுங்கள், நீங்கள் மவுஸைப் பிடுங்கியதே இல்லையா?

நான் பிடுங்கியிருக்கிறேன். மவுஸ், பேனா, கால்குலேட்டர் என்று பலரிடமிருந்து பலதைப் பிடுங்கியிருக்கிறேன். ஒரு தடவை மனைவி கையிலிருந்து தோசைத் திருப்பியைப் பிடுங்கினேன். அதன் பின்விளைவுகள் இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டவை.

இந்த வியாதிக்கு மருந்து உண்டு என்று எனக்குத் தெரியவந்த இடம் நியூஜெர்ஸி. ஒரு யூத சமயப் பள்ளி. கிளாஸ் எடுத்தது 14 வயசுப் பையன். அவனிடம் பாடம் படித்த மக்கு மாணவன், அடியேன்.

* * *

நான் போனது அக்காவைப் பார்க்க. மூன்று வாரம். முதல் வாரம் உபசாரம். இரண்டாம் வாரம் சாதாரணம். மூன்றாம் வாரம், ''சும்மாத்தானே இருக்கே, அந்தக் குப்பைத் தொட்டியை வாசல்ல கொண்டு வை.''

அப்படிக் குப்பைத் தொட்டி தள்ளிக்கொண்டு போனபோதுதான் பக்கத்து வீட்டு அம்மாள் பழக்கமானார். யூதக் குடும்பம். அந்த ஊர் ஸினகாகில், அதாவது யூதர்களின் ஜெபக்கூடத்தில், குழந்தைகளுக்காக நடக்கும் சமயப் பள்ளிக்கு அவர்தான் தலைமை.

எனக்கு யூதர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காலேஜ் டூரில் பார்த்த கொச்சி மட்டாஞ்சேரி ஸினகாக். 1568-ல் கட்டியது, தரை முழுக்க சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள். கையிருப்பில் இருந்த அந்த இரண்டு விஷயத்தையும் எடுத்து விட்டேன். அம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

''ஞாயிற்றுக்கிழமை எங்க பள்ளிக்கு வர்றீங்களா? உங்களால எனக்கு ஒரு உதவி ஆகணும். உங்களுக்கு ஹீப்ரூ தெரியாதே?''

''சுத்தமாத் தெரியாது.''

''ரொம்ப நல்லது!''

எனக்கு ஒன்று தெரியாது என்பதற்காக ஒருவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பி.காம். படித்த மூன்று வருஷத்தில் எந்த புரொபஸரும் செய்யாதது.

* * *

விஷயம் இதுதான். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் மத போதனை கூடாது. தீவிர ஆசாரமுள்ள யூதக் குடும்பங்கள் பிள்ளைகளை முழுநேர யூதப் பள்ளியிலேயே சேர்த்துவிடும். மற்ற குடும்பங்களில் பிள்ளை வாரம் முழுக்க சாதாரணப் பள்ளிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸினகாக் பள்ளி. சில இடங்களில் வார நாளில் ஒரு சாயங்காலமும் உண்டு. ஹீப்ரூ எழுத்து, பிரார்த்தனை, பண்டிகை, பைபிள் கதை எல்லாம் அந்தச் சில மணி நேரத்துக்குள்.

''சனிக்கிழமைதானே உங்க புனித நாள், அன்னிக்கே வச்சா என்ன?'' என்று கேட்டேன்.

''ஆசாரம் பார்க்கறவங்க சனிக்கிழமை எழுத மாட்டாங்க. எழுதறதும் வேலைக் கணக்குல சேர்த்தி'' என்றார். எழுதுவது வேலைதான் என்று ஒரு மதமே ஒப்புக்கொண்டிருக்கிறது! இந்தச் செய்தியை உடனே மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பதில் இல்லை.

இந்தப் பள்ளிகளுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. 13 வயசில் பையன்களுக்கு 'பார் மிட்ஸ்வா', பெண்களுக்கு 12 அல்லது 13-ல் 'பாட் மிட்ஸ்வா' என்று ஒரு சடங்கு. அன்றைக்குச் சபைக்கு முன்னால் நின்று புனித நூலிலிருந்து படித்துக்காட்ட வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் பயிற்சி. அப்புறம் விருந்து, பாட்டு, டான்ஸ், பரிசுப் பணம். மறுவாரம்? பையனைக் காணோம். 'அதான் முடிஞ்சிடுச்சே!'

இதைப் பற்றி யூதர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு பழைய ஜோக். ஒரு ஸினகாகில் எலித் தொல்லை. பொறி வைத்தார்கள், மருந்து வைத்தார்கள், போகவில்லை. கடைசியில் அவர்களுடைய குரு ஒரு வழி சொன்னார். ''எல்லா எலிக்கும் பார் மிட்ஸ்வா பண்ணி வைங்க. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இந்தப் பக்கம் தலைகாட்டாது!''

அப்படி ஓடத் தயாராக நிற்கும் எலிகளை, அதாவது பையன்களை, நிறுத்தி வைப்பதற்குப் பல பள்ளிகள் கண்டுபிடித்த வழிதான் 'மத்ரிக்'. 13 முதல் 17 வயசுவரை உள்ளவர்களை அழைத்து, 'உன் படிப்பு முடிஞ்சது சரி. இப்ப இந்தச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடு' என்று வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக உட்கார வைக்கிறார்கள். 'தெரெக்' என்றால் ஹீப்ரூவில் வழி. அதிலிருந்து வந்தது மத்ரிக். நேராக மொழிபெயர்த்தால் நம்முடைய 'வழிகாட்டி'யேதான்!

சிலருக்குச் சின்னதாகச் சம்பளம். சிலருக்கு, ஹைஸ்கூலில் காட்டுவதற்கு 'சமூக சேவை இத்தனை மணி நேரம்' என்று சான்றிதழ். ஆனால் சும்மா உட்கார வைப்பதில்லை. முதலில் பயிற்சி.

* * *

ஞாயிறு காலை எட்டரை. ஸினகாக் வாசலில் போலீஸ் கார். கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. ஒரு காவலாளி என் பாஸ்போர்ட்டை வாங்கி, அம்மாள் ஏற்கெனவே கொடுத்திருந்த லிஸ்ட்டில் என் நீளமான பெயரைச் சரிபார்த்து, பையைத் திறக்கச் சொன்னார். அக்கா கட்டிக் கொடுத்த முறுக்கு இருந்தது. அதையும் கவனமாகப் பார்த்தார்.

கோவில் மாதிரி ஓர் இடத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று முதலில் சிரிப்பு வந்தது. அம்மாள் சொன்னதும் போய்விட்டது. 2018 அக்டோபர் 27, பிட்ஸ்பர்க் நகரம். சனிக்கிழமை காலைப் பிரார்த்தனைக்கு வந்திருந்தவர்களை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 11 பேர் செத்துப் போனார்கள். 2022 ஜனவரியில் டெக்ஸாஸில் ஒரு ஸினகாகில் நாலு பேரைப் பிணையாகப் பிடித்து வைத்தான் இன்னொருவன்.

''அதனால எங்க பிள்ளைங்க முதல்ல கத்துக்கறது ஹீப்ரூ இல்ல. மணி அடிச்சா எந்தக் கதவு, எந்த மூலை, தன் வகுப்புல எத்தனை குழந்தைன்னு எண்ணத் தெரியணும். அதுதான் முதல் பாடம்'' என்றார்.

ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர், கையில் டோனட், கண்ணில் தூக்கம். 13-லிருந்து 16 வயசு. அம்மாளின் பையனும் இருந்தான். 14 வயசு, நெட்டை, முடி கண்ணை மறைத்தது. அவன் வந்ததே அம்மாவுக்காக என்று நெற்றியில் எழுதியிருந்தது. சான்றிதழ் கிடைத்ததும் கழன்றுகொள்ளப் போவதாக முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தான்.

அம்மாள் போர்டில் ஐந்து விதி எழுதினார்.

1. குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கு.
2. கேள்வி கேட்டுவிட்டு, காத்திரு.
3. பென்சிலைப் பிடுங்காதே.
4. எந்தக் குழந்தையோடும் பூட்டிய அறையில் தனியாக இருக்காதே.
5. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதே.

ஐந்தாவதுக்கு ஒரு பெண் கை தூக்கினாள். ''குட்டிப் பொண்ணு ஒருத்தி என்னை நம்பி ரகசியம் சொல்ல வந்தா? மாட்டேன்னா மனசு உடைஞ்சிடாதா?''

அம்மாள் யோசித்துத்தான் பதில் சொன்னார். ''ஐஸ்க்ரீம் திருடின ரகசியமா இருந்தா பரவாயில்ல. யாரோ அவளை அடிக்கறாங்க, தொடறாங்கன்னா? நீ வாக்குக் கொடுத்துட்டு என்ன பண்ணுவே? 'நீ சொல்லு, நான் கேக்கறேன். உனக்கு ஆபத்துன்னா மட்டும் பெரியவங்ககிட்ட சொல்லுவேன்'னு முதல்லயே சொல்லிடு. அப்புறம் நேரா என்கிட்ட வா. அந்த பாரத்தை நீ தனியாத் தூக்கக் கூடாது. உனக்குப் பதினஞ்சு வயசுதான்.''

ஹால் நிசப்தமானது. டோனட் மெல்லும் சத்தம்கூட நின்றது. இவர்களும் குழந்தைகள்தான் என்பதை அந்த அம்மாள் மறக்கவில்லை.

* * *

அடுத்த அயிட்டம், நான்.

''இந்த சார் இந்தியாவுல இருந்து வந்திருக்கார். ஒரு ஹீப்ரூ எழுத்துகூடத் தெரியாது. பத்து நிமிஷத்துல அவருக்கு மூணு எழுத்து சொல்லிக் கொடுங்க.''

எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது, நம் நெட்டைப் பையன். புத்தகத்தை நீட்டினான். திறந்தேன். ''அது பின்பக்கம்'' என்றான். ஹீப்ரூ வலமிருந்து இடம் ஓடும் மொழி. ஆரம்பமே அமர்க்களம்.

மொத்தம் 22 எழுத்து. எல்லாம் மெய். உயிர் ஒலி வேண்டுமென்றால் எழுத்தின் கீழே, மேலே, உள்ளே சின்னப் புள்ளிகளும் கோடுகளும் போடுகிறார்கள். கீழே ஒரு புள்ளி என்றால் 'இ'. கீழே மூன்று புள்ளி முக்கோணமாக இருந்தால் 'எ'. நமக்கு நேர் எதிர்! நம் 'க்' தலையில் இருக்கும் புள்ளி உயிரை எடுத்துவிடுகிறது. அவர்கள் புள்ளி உயிரைக் கொடுக்கிறது. இதில் வேடிக்கை, ஸினகாகில் வைத்துப் படிக்கும் கையெழுத்துச் சுருளில் அந்தப் புள்ளிகளே கிடையாது. பார் மிட்ஸ்வா பையன் அதைத்தான் படித்தாக வேண்டும். ஏன் மாதக்கணக்கில் பயிற்சி என்று புரிகிறதா?

பையன் மூன்று கிளை வைத்த ஓர் எழுத்தைக் காட்டினான். ''ஷின். புள்ளி வலப்பக்கம் இருந்தா 'ஷ', இடப்பக்கம்னா 'ஸ'.'' சரி. அடுத்து இரண்டு எழுத்து. ''இது தாலெத், 'த' சத்தம். இது ரேஷ், 'ர' சத்தம்.''

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மேலே ஒரு கூரை, வலப்பக்கம் ஒரு கால். அவ்வளவுதான்.

''என்ன வித்தியாசம்?'' என்றேன்.

''தெரியலையா?'' என்றான்.

அந்தத் 'தெரியலையா'வில் என் காது சுட்டது. எனக்கு 30-ஐத் தாண்டிய வயசு, பெண்டாட்டி பிள்ளை உண்டு, பத்திரிகையில் பெயர் வருகிறது. ஆனாலும் அந்த நிமிஷம் நான் மூன்றாம் கிளாஸில் பெஞ்சு மேல் நின்றேன். பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கை கூசியது. கோடு கோணியது. இரண்டு செகண்ட். பையன் என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, சரக் சரக்கென்று அழகாக எழுதிக் காட்டி, ''இவ்ளோதான்'' என்றான்.

''நிறுத்து'' என்றார் அம்மாள். ''சார், இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?''

''முட்டாள் மாதிரி இருக்கு'' என்றேன். மிகையில்லை.

பையன் முகம் சிவந்தது. பாவமாக இருந்தது. ஆனால் எனக்கும் ரோஷம் வந்துவிட்டதே! ''இப்ப என் மொழியில நான் உனக்குச் சொல்லித் தர்றேன் பாரு'' என்று காகிதத்தில் 'அம்மா' எழுதிக் காட்டினேன். புள்ளி விவகாரத்தை விளக்கினேன். ஆசையாகக் கேட்டான். 'அ' போட ஆரம்பித்தான். கடைசியில் போட வேண்டிய நேர்கோட்டை முதலில் போட்டுவிட்டு, வலப்பக்கத்திலிருந்து சுழித்துக்கொண்டு வந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

''இல்லப்பா, இப்படி...''

ஹாலே 'ஓ'வென்று சிரித்தது. பார்த்தால், பென்சில் என் கையில்!

* * *

சிரிப்போடு சிரிப்பாக நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு பழைய கணக்கு கணக்கைக் கேட்டது.

பி.காம். முடித்து வேலை தேடிய நாளில், தெருவில் ஒரு ப்ளஸ் டூ பையனுக்கு அக்கவுண்டன்ஸி ட்யூஷன் எடுத்தேன். நோட்டைத் திறப்பான், பேனாவை எடுப்பான், யோசிப்பான். எனக்குத் தாங்காது. ''கொண்டா இங்கே'' என்று நானே டெபிட், கிரெடிட் போட்டு, பாலன்ஸ் ஷீட்டை டாலி பண்ணித் தந்துவிடுவேன். அவன் அம்மாவுக்கு என் மேல் அபார மரியாதை. அவன் நோட்டு அவ்வளவு சுத்தம். பரீட்சையில் போச்சு. படிப்பையும் விட்டுவிட்டான்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். கோபமே இல்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னான். ''நீங்க சூப்பரா கணக்குப் போடுவீங்க சார்!''

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சியே உண்டு என்றார் அம்மாள். மேரி பட் ரோ என்று ஓர் அமெரிக்கக் கல்வியாளர். 1970-களில் வகுப்பறைப் பேச்சை டேப் பண்ணிக் கேட்டவர். கேள்வி கேட்டபிறகு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரி ஒரு செகண்ட்! அதை மூன்று செகண்ட் ஆக்கினால் போதும், குழந்தைகளின் பதில் நீளமாகிறது, வாய் திறக்காதவனும் திறக்கிறான் என்று கண்டார். இரண்டு செகண்ட் அதிகம். அவ்வளவுதான் செலவு. நான் பார்த்த எந்தக் கணக்கிலும் இத்தனை சின்ன முதலுக்கு இவ்வளவு லாபம் கிடையாது.

யூதர்களுக்கு இது புதுசும் இல்லை. சுமார் 1,500 வருஷத்துக்கு முன் தொகுத்த தால்முத் என்ற அவர்களுடைய பெரும் நூலில், ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளை என்றே கணக்கு இருக்கிறது. 25 பிள்ளைக்கு ஒரு வாத்தியார். 50 ஆனால் இரண்டு பேர். நடுவில் 40 வந்துவிட்டால்? ஓர் உதவியாளரைப் போட வேண்டும், சம்பளத்துக்கு ஊர் ஒத்தாசை பண்ண வேண்டும். அன்றைக்கே அசிஸ்டென்ட் போஸ்ட், பட்ஜெட்டோடு! அடித்தாக வேண்டும் என்றால் செருப்பு வார் மாதிரி லேசானதால்தான் அடிக்கலாம், படிப்பு ஏறாத பிள்ளையைத் துரத்தாமல் மற்றவர்களோடு உட்கார வை என்றும் அதே இடத்தில் இருக்கிறதாம். நம் கணக்கு வாத்தியார்கள் இதைப் படித்திருக்கலாம்.

பிற்பாடு கிழக்கு ஐரோப்பாவின் சின்ன ஊர்களில் இந்த உதவியாளர் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பையன்கள். மழை, சேற்றில் குட்டிப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கொண்டு விடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஹஸிடிஸம் என்ற பெரிய பக்தி இயக்கத்தை ஆரம்பித்த பால் ஷெம் தோவ் என்ற மகான்கூட இளம் வயசில் இந்த வேலை பார்த்தவர்தான் என்று அவரைப் பற்றிய கதைகள் சொல்கின்றன.

அமெரிக்காவில் யூதர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியை ஆரம்பித்தது ரெபெக்கா க்ராட்ஸ் என்ற பெண்மணி. 1838, பிலடெல்பியா. அவருடைய பள்ளியில் ஆசிரியர்கள் எல்லாரும் பெண்கள். சம்பளம் கிடையாது. அங்கே படித்து வளர்ந்த பெண்களே பிறகு ஆசிரியைகள் ஆனார்கள். ஆரம்பத்தில் யூதக் குழந்தைகளுக்கென்று பாடப் புத்தகமே இல்லை. கிறிஸ்தவ ஞாயிறுப் பள்ளிப் புத்தகத்தை வாங்கி, ஒத்துவராத பதில்கள் மேல் காகிதம் ஒட்டிக் கொடுத்தார்களாம். குழந்தைகள் என்ன செய்தார்கள்? ஒட்டின காகிதத்துக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பார்த்தார்கள்! குழந்தைகள் எந்த நூற்றாண்டிலும் குழந்தைகள்தான்.

* * *

ஒன்பதரைக்கு நிஜமான குழந்தைகள் வந்தார்கள். கூடவே நிஜமான சத்தமும். நெட்டைப் பையனுக்கு மூன்றாம் வகுப்பு. நானும் மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு தகர டப்பா சுற்றி வந்தது. குழந்தைகள் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டார்கள். ஏழைகளுக்குப் போகும் பணம். 'ட்ஸெதாகா' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வேர், நீதி என்று அர்த்தம் தருகிற சொல். நம் ஊரில் பிச்சை போடுவதும் 'தர்மம்', நியாயமாக நடப்பதும் 'தர்மம்'. எங்கே போனாலும் மனுஷன் ஒரே மாதிரி யோசித்திருக்கிறான்.

பிறகு படிப்பு. வகுப்பு ஆசிரியை எல்லாருக்கும் பாடம் நடத்த, பின்தங்கிய பிள்ளைகள் ஒவ்வொருவராக மத்ரிக்கிடம் வந்து படித்துக் காட்ட வேண்டும். நம் பையனிடம் வந்தது ஓர் எட்டு வயசு. கண்ணாடி போட்ட குட்டி. உட்காரும்போதே, ''எனக்குப் படிக்க வராது'' என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தது.

பையன் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டி போட்டான். விதி ஒன்று.

மூன்று எழுத்து வார்த்தை ஒன்று. குட்டி விரலை வைத்து, ''ரெ... ரெலெத்'' என்றது. தப்பு. முதல் எழுத்து தாலெத். 'தெலெத்' என்று படிக்க வேண்டும். எனக்கு வந்த அதே குழப்பம்! நான் உள்ளூர அந்தக் குட்டியின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பையனுக்குப் பதில் நாக்கு நுனியில் நிற்பது அவன் தொண்டை அசைந்ததில் தெரிந்தது. கை பென்சில் பக்கம் போனது. பாதியில் நின்றது. அப்படியே கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்!

ஒன்று. இரண்டு. மூன்று.

குட்டி விழித்தது. பையன் பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறந்தான். யூதக் குழந்தைகள் சின்ன வயசிலேயே மனப்பாடம் பண்ணும் ஒரு பிரார்த்தனை உண்டு. ஆறே வார்த்தை. கடைசி வார்த்தை 'எஹாத்'. கடவுள் 'ஒருவர்' என்று அர்த்தம். கையெழுத்துச் சுருளில் அந்தக் கடைசி தாலெத்தைப் பெரிதாக எழுதுவார்கள். பல பிரார்த்தனைப் புத்தகங்களிலும் அப்படியே பெரிதாக அச்சடித்திருக்கும்.

''இதை உனக்குப் பாக்காமச் சொல்லத் தெரியும்ல? சொல்லு.''

குட்டி கடகடவென்று சொன்னது.

''கடைசி எழுத்து என்ன சத்தம்?''

''...த்.''

''அது ஏன் அவ்ளோ பெரிசா இருக்கு தெரியுமா? அதுல கோணல் மூலையைத் தேய்ச்சு உருட்டி விட்டா ரேஷ் ஆயிடும். வார்த்தை 'அஹேர்'னு மாறிடும். 'வேற ஒருத்தர்'னு அர்த்தம். ஒரு மூலை போனா சாமியே மாறிடும். இப்ப இதோட மூலையைப் பாரு. அப்புறம் அதோட மூலையைப் பாரு.''

மறுபடி காத்திருந்தான். இந்த முறை மூன்று இல்லை. நான் எண்ணினேன், ஒன்பது. ஒன்பது செகண்ட் எவ்வளவு நீளம் என்று சும்மா இருந்து பாருங்கள். ஒரு யுகம்.

குட்டி இரண்டு விரலால் இரண்டு எழுத்தையும் தொட்டுப் பார்த்தது. ''இதுக்கும் முனை வெளியில நீட்டிட்டு இருக்கு'' என்றது. பிறகு மெதுவாக, ''தெ... தெலெத்?''

சட்டென்று தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. வகுப்பில் எல்லாப் பொருள் மேலும் ஹீப்ரூவில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுந்து ஒரே ஓட்டம். வாசல் கதவில் ஒட்டியிருந்த சீட்டைக் கையால் தட்டி, ''தெலெத்! கதவு! இது கதவு!'' என்று கத்தியது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆசிரியை ஒன்றும் திட்டவில்லை.

பூட்டிக் காவல் போட்ட கட்டடத்தில் ஒரு குழந்தை அன்றைக்குத் தானாக ஒரு கதவைக் கண்டுபிடித்தது. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பிறகு எனக்கும் அந்த மூலை தெரிந்தது. தாலெத்தின் கூரை காலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரேஷ் வழவழவென்று வளைந்து இறங்கும். காலையில் எனக்கு யாரும் மூன்று செகண்ட் கொடுத்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். ஹும்.

* * *

திரும்பும்போது காரில் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தானாகவே, ''அந்தப் பெரிய தாலெத் பத்தி எனக்கும் இப்பதான் சரியாப் புரிஞ்சுது'' என்றான். ''பார் மிட்ஸ்வாவுக்கு எல்லாம் மனப்பாடம் பண்ணினேன். யாரும் என்கிட்ட திருப்பிக் கேக்கலை. நானும் யோசிக்கலை.''

''சான்றிதழ் வாங்கினதும் நின்னுடுவியா?''

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். ''அந்தக் குட்டிக்கு இன்னும் பாதி எழுத்து பாக்கி இருக்கு.''

முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தார். அவருக்குத் தெரியாதா!

கடந்த இருபது வருஷத்தில் இந்த மாதிரிப் பள்ளிகளில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை அமெரிக்காவில் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஒரு பையன் நின்றதால் அது மாறிவிடாது. ஆனால் ஒன்று புரிந்தது. 'நீ இன்னும் கத்துக்கோ' என்று சொன்னால் 13 வயசு ஓடும். 'உன்னை நம்பி ஒருத்தன் இருக்கான்' என்று சொன்னால் நிற்கும். எந்த மதமானால் என்ன, எந்த ஆபீஸானால் என்ன, ஆளை நிறுத்தி வைப்பது அந்த நம்பிக்கைதான்.

அக்கா பெண்ணுக்கும் 13 வயசு. ''இனிமே வீக் எண்ட் தமிழ் கிளாஸுக்குப் போக மாட்டேன்'' என்று அந்த வாரம்தான் அழுது தீர்த்திருந்தாள். அங்குள்ள பல தமிழ்ப் பள்ளிகளிலும் பெரிய பிள்ளைகள் வாலண்டியராக நின்று சின்னதுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ''நீ படிக்கப் போக வேண்டாம். சொல்லிக் கொடுக்கப் போ'' என்றேன். ''எனக்கே 'ற' எப்பப் போடணும்னு தெரியாது மாமா!'' என்றாள். ''அதனாலதான்'' என்றேன். யோசிக்கிறாள். நான் காத்திருக்கிறேன்.

* * *

ஊருக்கு வந்ததும் முதல் சோதனை, அப்பா. 70-ஐத் தாண்டியவர். போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பழைய நானாக இருந்தால் போனைப் பிடுங்கி, நானே அனுப்பி, 'புரிஞ்சுதா?' என்றிருப்பேன்.

இந்தத் தடவை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ''என்னடா, மூலமா?'' என்றார். ''இல்லப்பா, நீங்களே பண்ணுங்க.''

அப்பா காய்கறிக்காரருக்கு 80 ரூபாய் அனுப்ப வேண்டும். ஒரு விரலை மெதுவாக இறக்கினார். எட்டு. சைபர். இன்னொரு சைபர். என் தொண்டையில் ஏதோ அடைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். நான்காவதுக்குள் 800 ரூபாய் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பா ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தார். ''ஒரு சைபர் ஜாஸ்தி போட்டுட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கணும் போல'' என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் மீதி 720-ஐக் கையோடு வாங்கி வந்தார். அன்றைக்கு அப்புறம் தப்பே வரவில்லை. நான் நூறு தடவை சொன்னாலும் வராத பாடம்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுப் பெரியவர் அப்பாவைத் தேடி வந்தார். அவருக்கும் போனில் பணம் அனுப்பக் கற்றுத் தர வேண்டுமாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். என் வீட்டிலேயே ஒரு மத்ரிக் உருவாகிவிட்டார் என்று நான் உள்ளிருந்து புல்லரித்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு செகண்ட்கூட ஆகியிருக்காது.

''அட, அங்கே இல்லைங்க! கொண்டாங்க இப்படி!'' என்று அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினார் அப்பா.